படையலுக்கு ஓர் ஆற்று மீன்

என் நண்பன் இறந்த ஒன்பதாம் நாள் அவன் மனைவி எனக்குப் போன் செய்தாள். நலம் விசாரிக்கவில்லை, அழவும் இல்லை.

"அண்ணே, படையலுக்கு பாவுங் வேணும். குளத்து மீனு வேணாம், ஆத்து பாவுங். நீங்கதான் கொண்டு வரணும்."

"சரிம்மா" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. நான் அப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில், பாதி கழற்றிப் போட்ட ஏர்கோன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கீழே தெருவில் தீபாவளிப் பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் மேலே ஏறி வந்து, "என்ன பாஸ், முடிஞ்சதா?" என்று கேட்டார். பாவம், நியாயமான கேள்விதான். அவர் மேல் எரிந்து விழுந்தேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். அந்த நாட்களில் இன்னும் கொஞ்சம் முன்னால் வந்து நின்றது.

பாவுங் என்பது மீசை வைத்த, செதில் இல்லாத ஆற்று மீன். கெளுத்திக்கு உறவு. முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முள் வைத்திருக்கும். குத்தினால் முழங்கை வரைக்கும் கடுக்கும். இப்போது அதைக் குளத்தில் வளர்த்துச் சந்தையில் விற்கிறார்கள். என் நண்பன் அந்த மீனைத் தொடமாட்டான். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே வாசலில் நின்று, "இது குளத்து மீனு, சேத்து வாடை அடிக்குது" என்று சொல்லிவிடுவான். ஒருமுறை நானும் அவன் மனைவியும் சேர்ந்து சந்தையில் வாங்கிய மீனை ஆற்று மீன் என்று சொல்லிப் பார்த்தோம். அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே சிரித்துவிட்டான். இறந்த பிறகு மட்டும் அவனை ஏமாற்றிவிடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் குடும்பங்களில் பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின மாலை ஒரு படையல் உண்டு. இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வாழையிலையில் வைத்து, விளக்கேற்றி, சாம்பிராணி போட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுவோம். கொஞ்ச நேரம் வீட்டுக்குள் யாரும் இருக்கக்கூடாது. அவர் வந்து தனியாகச் சாப்பிடுவார் என்பது நம்பிக்கை. பிறகு கதவைத் திறந்து, அந்தச் சாப்பாட்டை நாங்கள் உண்போம். அந்த இலைக்குத்தான் ஆற்று பாவுங் வேண்டும் என்றாள்.

இருபது வருடத்துக்கும் மேலாக நானும் அவனும் ஞாயிற்றுக்கிழமைகளில் லங்காட் ஆற்றில் தூண்டில் போட்டவர்கள். அவன் கிள்ளானில் இருந்தான், பஸ் ஓட்டினான். நான் பூச்சோங்கில் இருக்கிறேன். விடிந்தும் விடியாமலும் அவன் என் வீட்டு முன்னால் வந்து ஹார்ன் அடிப்பான். இருவரும் என் வேன் ஏறி, டிங்கில் ஊரைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் செம்மண் பாதையில் ஆற்றங்கரை வரை போவோம். கரை அங்கே இரண்டு ஆள் உயரம். சறுக்கலான மண்பாதையில் கீழே இறங்கினால் ஒரு கட்டில் அளவுக்குத் தட்டையான இடம். அதுதான் எங்கள் இடம்.

எங்களுக்குள் வேலைப் பங்கீடு இருந்தது. தூண்டில் வீசுவதும் இழுப்பதும் நான். மீனைப் பிடித்து முள்ளை நறுக்கி, கொக்கியைக் கழற்றுவது அவன். எனக்கு அந்த முள்ளைக் கண்டால் பயம், அவனுக்குப் பொறுமை. கொக்கியைக் கழற்றும்போது மீனோடு பேசிக்கொண்டே இருப்பான். "இருடா, இருடா, முடிஞ்சிருச்சு, ஏன் துள்றே" என்று பல் டாக்டர் மாதிரி பேசுவான். பண்டாராயா மீன் சிக்கினால் மட்டும் பேச மாட்டான். பண்டாராயா என்றால் மாநகராட்சி. கண்ட குப்பையையும் தின்று தீர்க்கும் அந்தக் கறுப்பு மீனுக்கு இந்த ஊரில் யாரோ குறும்பாக வைத்த பெயர். அது சிக்கிவிட்டால், "உனக்கு வரி கட்டிட்டேன், போ" என்று எடுத்துக் கரையில் எறிவான்.

ஆற்று மீன்பிடிக்கும் ஒரு பருவம் உண்டு. வருட நடுவில் மழை குறைந்து, தண்ணீர் தெளிந்து, கரை காய்ந்திருக்கும். அப்போதுதான் இறங்க முடியும். அந்தப் பருவத்தின் கடைசி சில வாரங்களில் பாவுங் நன்றாகக் கடிக்கும், பெரியதாகவும் வரும். பிறகு தினமும் சாயங்கால மழை பிடித்துக்கொண்டால் தண்ணீர் கலங்கும், கரை சரியும். தை பிறக்கும் வரை தூண்டிலை மூலையில் சாத்திவிட வேண்டியதுதான். அந்தக் கடைசி வாரங்கள்தான் பெரும்பாலும் புரட்டாசியில் வந்து விழும்.

நான் புரட்டாசி முழுவதும் விரதம் இருப்பவன். அவன் சனிக்கிழமை மட்டும் இருப்பான், அதுவும் மனைவிக்குப் பயந்து. எனவே ஒவ்வொரு வருடமும் ஆவணி கடைசி ஞாயிறோடு எங்கள் பருவம் முடிந்துவிடும். அவன் அதைச் சொல்லிக் காட்டாமல் இருந்ததில்லை. "மீனெல்லாம் காலண்டர் பார்த்து வச்சிருக்கு மச்சான், உன் விரதம் ஆரம்பிச்சா அதுங்களுக்குத் தீபாவளி லா" என்பான். என்னை விட்டுவிட்டுத் தனியாகவும் போகமாட்டான். முள் எடுக்கிறவன் மட்டும் போய் என்ன செய்வது என்பான்.

அந்த வருடத் தொடக்கத்திலேயே இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி அவனுடைய சிறுநீரகத்தைத் தின்றுவிட்டிருந்தது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். ஒரு நாளைக்குக் குடிக்க அரை லிட்டர் தண்ணீர், குழம்பு ரசம் எல்லாம் அந்தக் கணக்கில்தான். பஸ் ஓட்டுவதை விட்டான். அதையெல்லாம் ஒரு மாதிரி சமாளித்துக்கொண்டான். ஆவணியில் வலது பாதத்தின் அடியில் ஒரு புண் வந்தது. மருத்துவமனையில் சேர்த்தார்கள். புண் ஏறினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அவன் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான்.

"கால் இல்லாம எப்படிடா கரை இறங்கறது?" என்றான்.

அவன் மனைவி வெளியே போய் அழுதாள். நான் அன்று வீட்டுக்குப் போகும் வழியில் வேனைத் திருப்பிப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். புரட்டாசி பிறக்க இரண்டு நாள் இருந்தது. வழக்கமான விரதம் போதாது என்று பட்டது. இந்த மாதம் முழுவதும் ஓர் உயிரையும் கொல்லமாட்டேன், கொல்கிற இடத்தில் நிற்கவும் மாட்டேன், தூண்டிலைக் கையால் தொடமாட்டேன், ஆற்றுப் பக்கம் போகமாட்டேன், அவன் காலை மட்டும் விட்டுவிடு என்று வேண்டிக்கொண்டேன். வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்று கேட்டு வளர்ந்தவன் நான். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. அவனிடமும்தான்.

புரட்டாசி இரண்டாம் வாரம் அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். புண் காயத் தொடங்கியிருந்தது. கம்பு ஊன்றிக் கொஞ்சம் நடந்தான். அந்த வருடம் மழை இன்னும் வரவில்லை. வெயில் கொளுத்தியது. ஆறு கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று யாரோ அவனுக்குப் போனில் படம் வேறு அனுப்பி வைத்திருந்தார்கள்.

முதல் தடவை சிரித்துக்கொண்டே கேட்டான். "செம்பனைப் பழம்தானே இரை போடறோம்? புழு கிடையாது, இறால் கிடையாது. சைவத் தூண்டி மச்சான், பெருமாளே கோவிச்சுக்க மாட்டாரு."

முடியாது என்றேன்.

இரண்டாவது ஞாயிறு, "நீ தூண்டியத் தொடவே வேணாம். நான் வீசறேன், நானே இழுத்து நானே விட்டுர்றேன். நீ சும்மா கரையில உக்காரு. என்னைக் கீழ எறக்கி விட்டாப் போதும்" என்றான். அவன் இடது கையில் டயாலிசிஸ் ஊசி ஏற்றும் நரம்பு புடைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கையால் பால் டின்னைக்கூடத் தூக்கக்கூடாது. அந்தக் கையோடு தூண்டில் வீசுகிறேன் என்றான். நான் மறுபடியும் முடியாது என்றேன். குளத்தில் காசு கட்டிப் பிடிக்கும் இடம் பூச்சோங்கிலேயே இருக்கிறதே, விரதம் முடிந்ததும் அங்கே போகலாம், நாற்காலி போட்டுத் தருவார்கள் என்றேன். "அது மார்க்கெட்டு லா. தூண்டிப் போட்டு மீன் வாங்கறது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மூன்றாவது தடவை அவன் சிரிக்கவில்லை. "மழை வந்துட்டா என்னால கரை எறங்க முடியாது மச்சான். இந்தக் கால வச்சுக்கிட்டு சேத்துல நிக்க முடியுமா? ஒரே ஒரு ஞாயிறு."

எனக்குக் கோபம் வந்தது. அவனுக்காகத்தானே விரதம் இருக்கிறேன், இவன் என்ன சின்னப் பிள்ளை மாதிரி அடம் பிடிக்கிறான் என்ற கோபம். "ஒரு மாசம் பொறுக்க மாட்டியா? நாக்கு அவ்வளவு கேக்குதா?" என்று கத்திவிட்டேன். அவன் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பொறுக்கலாம்" என்றான். பிறகு கேட்கவில்லை.

புரட்டாசி முடிகிற வாரம் டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு, காலை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை என்று சொன்னார். நான் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். வெளியே வந்தபோது என் மீதே எனக்கு ஒரு மதிப்பு வந்திருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த ஞாயிறு ஆற்றுக்குப் போகிறோம் என்று அவனுக்குப் போன் செய்தேன். அவன் அன்றே செம்பனைப் பழங்களை ஒரு பிஸ்கட் டின்னில் தண்ணீர் ஊற்றி ஊறப் போட்டான். புளித்த வாடை வந்தால்தான் மீன் வரும்.

வியாழன் சாயங்காலம் மழை. வெள்ளியும் மழை. சனிக்கிழமை அவன் டயாலிசிஸ் கட்டிலில் இருந்த நேரத்தில் நான் மட்டும் போய்க் கரையைப் பார்த்தேன். பாதை இருந்த இடமே தெரியவில்லை, ஒரே சேறு. ஐந்து நிமிடம் நின்றிருப்பேன். திரும்பிவிட்டேன். அடுத்த வாரம் காயட்டும், போகலாம் என்று அவனிடம் சொன்னேன். "சரி, அடுத்த வாரம்" என்று சொல்லி டின்னை மூடி வைத்தான்.

அடுத்த வியாழக்கிழமை டயாலிசிஸ் மூன்றாவது மணி நேரத்தில் அவன் இதயம் நின்றுவிட்டது. தீபாவளிக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. அவனைக் கிடத்திக் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியபோது நான் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலது பாதத்துப் புண் நன்றாக ஆறியிருந்தது. கேட்டதைப் பெருமாள் கொடுத்துவிட்டார். இரண்டு காலும் முழுசாக இருந்தன. நான் அன்று அழுததைப் பார்த்தவர்கள் நட்புக்காக அழுகிறான் என்று நினைத்திருப்பார்கள். நட்பு பாதிதான்.

இப்படி இருக்கும்போதுதான் அவன் மனைவி ஆற்று மீன் கேட்டாள்.

படையலுக்கு முந்தின நாள் போய் அவனுடைய பிஸ்கட் டின்னை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குப் பின்னால், அவன் மூடி வைத்த இடத்திலேயே இருந்தது. அவள் எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் வேலையை ஒத்திப்போட்டுவிட்டு விடியும் நேரத்தில் கிளம்பினேன். மதியம் இரண்டு மணிக்குள் மீன் அவள் கையில் இருக்க வேண்டும், அப்போதுதான் சமைத்து மாலைக்குள் படைக்க முடியும்.

ஆறு தே தாரிக் பால்தேநீர் நிறத்தில் ஓடியது. தண்ணீர் ஏறி எங்கள் தட்டையான இடத்தில் பாதியை எடுத்துக்கொண்டுவிட்டது. பாதை அந்தச் சனிக்கிழமை பார்த்ததைவிட மோசம். கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போனது. கொஞ்ச நேரம் மேலேயே நின்றேன். பிறகு வேனுக்குப் போய்க் கயிற்றை எடுத்து வந்தேன். ஏர்கோன் வெளிப்பெட்டியை மாடியிலிருந்து இறக்கும் கயிறு. என் வேனில் அது இல்லாத நாள் கிடையாது. ஒரு செம்பனை மரத்தின் அடியில் சுற்றிக் கட்டி, இடுப்பில் ஒரு சுற்றுப் போட்டு, கையில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இறங்கினேன். இரண்டு நிமிடத்தில் கீழே நின்றேன். சட்டைகூட அழுக்காகவில்லை.

கீழே நின்று மேலே பார்த்தபோதுதான் உறைத்தது. நாற்பது கிலோ பெட்டியை நாலாவது மாடியிலிருந்து ஒரு கீறல் விழாமல் இறக்குகிறவன் நான். அதுதான் என் பிழைப்பு. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, இந்தக் கயிறு, மேலே பிடிக்க இன்னோர் ஆள். அவன் சொந்தக்காரப் பையன்கள் நாலு பேர் இருக்கிறார்கள், கூப்பிட்டால் ஓடி வந்திருப்பார்கள். அந்தச் சனிக்கிழமை நான் ஐந்து நிமிடம் நின்று சேற்றைத்தான் பார்த்தேன். வேனில் இருந்த கயிறு என் நினைவுக்கு வரவே இல்லை. தூண்டிலை வீசுவதற்கு முன் நான் அங்கே உட்கார்ந்து கொஞ்ச நேரம் வாய்விட்டு அழுதேன். ஆற்றங்கரையில் யார் கேட்கப் போகிறார்கள்.

ஒருவர் இருந்தார். கொஞ்சம் கீழே, சாய்ந்த மரத்தடியில் கட்டியிருந்த சிறு படகில் ஒரு வயதான மலாய்க்காரர் உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். நான் பார்த்ததும் அவர் முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த மரியாதைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

தூண்டிலை வீசும்போதே ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டேன். இந்த மீன் என் கையால்தான் பிடிபட வேண்டும். அவன் ஊறப்போட்ட இரையில், என் தூண்டிலில். அப்போதுதான் அது அவனுக்குப் போய்ச் சேரும் என்று எனக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

எட்டு மணிக்கு ஒரு பண்டாராயா. ஒன்பதரைக்கு இன்னொன்று. கொக்கியைக் கழற்ற எனக்குப் பத்து நிமிடம் ஆனது. பிறகு ஒன்றுமில்லை. கலங்கிய தண்ணீரில் குச்சியும் பிளாஸ்டிக் பையும் போய்க்கொண்டிருந்தன. பதினோரு மணிக்கு வானம் கறுத்தது. பன்னிரண்டாகியும் தூண்டில் நரம்பு அசையவில்லை. டின்னில் பழம் நாலு மிஞ்சியிருந்தது.

மலாய்க்காரர் படகை அவிழ்த்து என் பக்கம் வந்தார். வீட்டுக்குப் போகிறாராம். மழை வரும், நீயும் ஏறிவிடு என்று மலாயில் சொன்னார். அவருடைய வலைப் பையில் இரண்டு பாவுங் கிடந்தன. ஒன்று சின்னது, ஒன்று என் முன்கை நீளம். என் கண் அதிலேயே நின்றதை அவர் பார்த்துவிட்டார்.

"உன்கூட ஒருத்தர் வருவாரே, மீனோட பேசுவாரே, அவர் எங்கே?" என்று கேட்டார்.

சொன்னேன். எதற்காக வந்திருக்கிறேன் என்பதையும் சொன்னேன். எங்கள் படையலைப் பற்றி மலாயில் விளக்க எனக்குச் சரியாக வரவில்லை. அவர் புரிந்துகொண்டார். பிறகு வலைப் பையில் கையை விட்டுப் பெரிய மீனைத் தூக்கினார்.

"அம்பில் லா, டிக்" என்றார். எடுத்துக்கொள் தம்பி என்று அர்த்தம்.

"இல்ல, வேணாம். நானே பிடிச்சாத்தான் சரி" என்று மலாயில் சொன்னேன். அவர் மீனைக் கீழே வைக்கவில்லை.

"அவர் வீட்டில் அப்படியா கேட்டார்கள்?" என்றார்.

இல்லை. ஆற்று பாவுங் கொண்டு வா என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். உன் கையால் பிடித்துக் கொண்டு வா என்று யாரும் சொல்லவில்லை. நானாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, அதற்குக் காவலும் நின்றுகொண்டிருந்தேன். மணி பன்னிரண்டரை. இன்னொரு தடவை என் வைராக்கியத்துக்காக அவனைப் பட்டினி போடப் பார்த்தேன் என்று தோன்றியதும் வெட்கமாக இருந்தது. கையை நீட்டினேன்.

வாங்கத் தெரியாமல் வாங்கியதில் பக்கத்து முள் என் உள்ளங்கையில் ஏறிவிட்டது. வலி முழங்கை வரை ஓடியது. அந்த ஆற்றில் இருபது வருடத்தில் நான் வாங்கிய முதல் குத்து அதுதான். அதுவரைக்கும் வந்த குத்தெல்லாம் அவன் வாங்கியது.

கிள்ளானுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டைத் தாண்டவில்லை. அவன் மனைவி மீனைப் பார்த்தாள், வீங்கியிருந்த என் கையைப் பார்த்தாள். "இது நான் பிடிக்கல. ஆத்துல ஒரு மலாய்க்காரர் குடுத்தாரு" என்றேன். "ஆத்து மீனுதானேண்ணே" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனாள். புளி கரைத்து, மாங்காய் போட்டு, அவனுக்குப் பிடித்த மாதிரி கெட்டியாகக் குழம்பு வைத்தாள்.

மாலையில் இலை போட்டார்கள். சோறு, குழம்பு, மீன் தலை தனியாக ஒரு கிண்ணத்தில், வறுத்த மரவள்ளி, அவித்த முட்டை, ஒரு டின் கறுப்பு பீர். எல்லாவற்றுக்கும் கடைசியாக அவள் அடுப்படியிலிருந்து ஒரு பெரிய கண்ணாடி ஜக்கைத் தூக்கி வந்தாள். விளிம்பு வரை தண்ணீர், மேலே ஐஸ் கட்டிகள் மிதந்தன. அதை இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். எட்டு மாதமாக அரை லிட்டரைக் கணக்குப் போட்டு ஊற்றிக் கொடுத்தவள் அவள்தான். அவனுடைய இரண்டு மகள்களும் அதைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

கற்பூரம் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினோம். எல்லாரும் முன்னால் கார் நிற்கும் இடத்துக்கு வந்தோம். மகள்களும் உறவுக்காரர்களும் வாசல் கேட்டுப் பக்கம் நின்றார்கள். நான் அவன் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் வந்து என் அருகில் சுவரில் சாய்ந்தாள்.

"அண்ணே, ஒன்னு கேக்கவா?"

"கேளும்மா."

"நீங்க எப்பவும் விரதம் இருக்கறவருதான், எனக்குத் தெரியும். ஆனா இந்த வாட்டி சும்மா கரையில உக்காரக்கூட மாட்டேன்னுட்டீங்க. அவரு மூணு வாட்டி கேட்டாரு. ஏன்ணே?"

சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். சொல்லிவிட்டேன். கோயிலுக்குப் போனது, காலுக்காக வேண்டிக்கொண்டது, வெளியே சொல்லக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டது, கால் பிழைத்ததும் தேங்காய் உடைத்தது எல்லாவற்றையும். சொல்லும்போதே அது எவ்வளவு அபத்தமாகக் கேட்கிறது என்று எனக்குத் தெரிந்தது. கயிற்றைப் பற்றியும் சொன்னேன்.

அவள் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சாமிகிட்ட கேட்டீங்க" என்றாள். "அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேண்ணே."

குரலில் கோபம் இல்லை. ஒரு கணக்கை மெதுவாகச் சரிபார்த்து முடித்தவள் மாதிரி சொன்னாள். கால் வேண்டுமா ஆறு வேண்டுமா என்று கேட்டிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பெரியவர் ஒருவர் போதும் என்று சொன்னதும் அவள் போய்க் கதவைத் தட்டிவிட்டுத் திறந்தாள். சாம்பிராணிப் புகை வெளியே வந்தது. கற்பூரம் அணைந்திருந்தது. ஜக்கில் ஐஸ் முழுவதும் கரைந்து, தண்ணீர் விளிம்பு வரை அப்படியே நின்றது. மீனும் வைத்தது வைத்தபடி இருந்தது.

பந்தியில் என்னை முதலில் உட்கார வைத்தாள். மீன் தலையை எடுத்து என் இலையில் வைத்தாள். அது எப்போதும் அவனுக்குப் போகும் துண்டு. நான் தலையை ஆட்டி மறுத்தேன்.

"சாப்பிடுங்கண்ணே. ஆறிப் போச்சு" என்றாள்.

வீங்கிய கையால் பிட்டு வாயில் வைத்தேன். நல்ல ஆற்று மீன். சேற்று வாடை துளியும் இல்லை. அதை வாசலில் நின்று சொல்ல அவன் இல்லை.